வெள்ளாட்டு வாலும் செம்மறி வாலும்: நெல்லைச் சீமை ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிப் பார்வைக்கும் வருகிற மதிப்பிற்குரிய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு வணக்கம்.

நாங்குநேரி வட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியை நான். பெயரைப் போடவில்லை. போட்டால் விஷயத்தை விட்டுவிட்டு, எந்த ஸ்கூல், எந்த டீச்சர் என்ற விசாரணையில் இறங்கிவிடுவார்கள். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போனாலும், ஆடு மாடு குருவிக்கெல்லாம் அந்த எல்லை தெரியாது என்பதால் மூன்று பக்கத்துப் பயிற்றுநர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சின்ன வகுப்புகளுக்கு விலங்குப் படப்புத்தகங்கள் வருகின்றன. அவற்றையொட்டிச் செய்யவேண்டிய செயல்பாடுகளும் தாளாக வருகின்றன. செயல்பாடு தொடங்கியதும் புத்தகம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. கத்தரிக்கோலும் பசையும் சார்ட்டும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கடைசியில் முகமூடி மாட்டிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. புத்தகத்தில் என்ன இருந்தது என்று மறுநாள் கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். புத்தகம் நடுவிலேயே இருக்கட்டும், செயல்பாடு எங்கள் தெருவிலிருந்து வரட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

திட்டத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் நுழைந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் சொல்வது என்னைப் போல மூன்று வகுப்பைச் சேர்த்து மேய்க்கிறவர்களுக்குப் பெரிய உதவி. அப்புறம் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. புத்தகம் வந்துவிட்டது, சரி. வந்த புத்தகத்தை என்ன செய்வது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

எங்கள் வகுப்பில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்தில் வால் மட்டும் இருக்கும். யாருடைய வால் என்று ஒரு சின்னக் கேள்வி. தாளைப் புரட்டினால் முழு விலங்கு நிற்கும். பசு, குரங்கு, அணில், செம்மறி, மயில், பல்லி, சிறுத்தை, யானை. அவ்வளவுதான் புத்தகமே. பெரியவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வாரம் போதாது. இதற்கென்று கைக்கு வந்த செயல்பாட்டுத் தாளில் இருந்தவை: செம்மறிக்குப் பஞ்சு ஒட்டுதல், வாலால் தொங்கும் குரங்குக்கு வண்ணம் தீட்டுதல், சிறுத்தை முகமூடி செய்தல்.

முதலில் செம்மறி. பஞ்சு ஒட்டி முடித்து வரிசையாகச் சுவரில் மாட்டியதும், வீட்டில் ஆடு வளர்க்கிற இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், இதுக்கு என்ன சீக்கு?"

நியாயமான கேள்வி. நம்ம பக்கத்துக் கீழக்கரிசல் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. உடம்பு அடர்ந்த செம்பழுப்பு. தலையிலும் வயிற்றிலும் காலிலும் கறுப்பு. குட்டையான மெல்லிய வால். கிடாவுக்கு முறுக்கிய கொம்பு. பெரும்பாலான ஆடுகளுக்குக் கழுத்தடியில் இரண்டு சதைத்துண்டு தொங்கும். இறைச்சிக்கும், எருவுக்காக வயலில் ராத்திரி அடைத்துக் கிடை போடுவதற்கும் வளர்க்கிற ஆடு இது. தினமும் இந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, பஞ்சு மூடிய ஆடு சொறிபிடித்த ஆடாகத்தான் தெரியும். அந்த வெள்ளை ஆடும் உண்மையான ஆடுதான், குளிர்நாட்டு ஆடு. புத்தகத்துப் படத்தையும் தெருவில் நிற்கும் ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஏன் வேற மாதிரி இருக்கு என்று கேட்டிருந்தால் குளிர், வெயில், முடி என்று ஒரு நல்ல அறிவியல் பாடம் ஓடியிருக்கும். பஞ்சை ஒட்டச் சொன்னால் கேள்விக்கு அங்கேயே வாய் அடைத்துவிடுகிறது.

அதே பையன்தான் வால் பக்கத்தில் எல்லாருக்கும் முன்னால் விடையைச் சொன்னவன். மற்றப் பிள்ளைகள் ஆடு என்றார்கள். இவன் செம்மறி என்றான். "எப்பிடிலே தெரியும்?" என்று கேட்டேன். வெள்ளாட்டு வால் மேலே நிமிர்ந்து நிற்குமாம், செம்மறி வால் கீழே தொங்குமாம். "இது தொங்குதுல்லா?" புரட்டினோம், செம்மறிதான் நின்றது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாதி வகுப்பு தட்டைக் கழுவின கையோடு வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டது. திரும்பி வந்து சொன்னார்கள்: அவன் சொன்னது சரிதான், ஆனால் ஒரு வெள்ளாடு மட்டும் வாலைத் தொங்கப்போட்டு நிற்கிறது. அவன் அசரவில்லை. "அதுக்கு மேலுக்கு முடியல" என்றான். ஆடு வளர்க்கும் பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெள்ளாடு வாலைத் தொங்கவிட்டால் ஏதோ நோவு.

உற்றுப் பார்த்தல், பிரித்தறிதல், காரணம் சொல்லுதல், விதிவிலக்கை விளக்குதல். கற்றல் விளைவு என்று நாம் பதிவேட்டில் எழுதுகிற அத்தனையும் பசையும் பஞ்சும் இல்லாமல் அந்த ஒரு பக்கத்தில் நடந்துவிட்டன. அந்தப் பையன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். அவன் பதிவேட்டில் அரும்பு. ஆட்டு விஷயத்தில் வகுப்பில் அவனுக்கு மேலே யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

அடுத்து குரங்கு. குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போய்வராத பிள்ளை நம்ம பக்கம் குறைவு. கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போன கதை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அது வாலால் தொங்கி எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துத் தொங்குகிற குரங்குகள் மத்திய, தென் அமெரிக்காவில் இருப்பவை. இந்தியக் குரங்குகளில் ஒன்றுக்கும் அந்த வித்தை தெரியாது. இவற்றுக்கு வால், கிளையில் நடக்கும்போதும் தாவும்போதும் உடம்பு ஒரு பக்கம் சாயாமல் இருக்க உதவுகிறது. எங்கோ வரைந்த படம் கைமாறிக் கைமாறி நம் வகுப்புச் சுவருக்கு வந்துவிட்டது. நம்ம மலையிலேயே, களக்காடு முண்டந்துறைக் காட்டில், சிங்கவால் குரங்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது காட்டில் வாழ்வதில்லை. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். வாலைப் பற்றிய புத்தகத்தை நெல்லையில் வாசிக்கும்போது இந்தக் குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருக்க முடிகிறதோ தெரியவில்லை.

மயில் பக்கத்தில் புத்தகமே ஏமாந்திருக்கிறது. கண்கண்ணாக விரிகிற அந்தத் தோகை மயிலின் வாலே அல்ல. வாலுக்கு மேலே முதுகுப் பக்கம் வளர்கிற நீண்ட இறகுகள் அவை. உண்மையான வால் பழுப்பாக, குட்டையாக, பின்னால் நின்று தோகையைத் தாங்குகிறது. மயில் தோகை விரிக்கும்போது எல்லாரும் முன்னால் போய் நிற்போம். பின்னால் போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நம் ஊரில் மயிலுக்குப் பஞ்சமா? நெல் வயலில் மயிலை விரட்டுவதே பலருக்குக் காலை வேலை. இரண்டு நாளில் விடை வந்துவிட்டது: "டீச்சர், பின்னாடி ஒரு குட்டி விசிறி இருக்கு." புத்தகம் தப்பு என்று சொல்லலாமா என்று ஒரு பிள்ளை பயந்துகொண்டே கேட்டாள். தாராளமாகச் சொல்லலாம் என்றேன். அச்சில் வந்த ஒன்றைத் தான் கண்ணால் பார்த்ததை வைத்துத் திருத்துகிற தைரியம் ஆறு வயதில் வந்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

பல்லி வாலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. அறுந்த வால் துடிக்கும், மறுபடி முளைக்கும், முளைத்தது பழைய வால் மாதிரி இருக்காது. எல்லாம் அவர்களே சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

சிறுத்தை வேறு விஷயம். இங்கே உங்களிடம் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் ராத்திரி சிறுத்தை இறங்கி ஆட்டையும் நாயையும் தூக்கிக்கொண்டு போவதும், வனத்துறை கூண்டு வைத்துப் பிடிப்பதும் நமக்குத் தெரியாத செய்தி இல்லை. கூண்டில் அடைபட்ட சிறுத்தையை வீடியோவில் பார்த்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தன் வீட்டுத் தொழுவத்தில் ரத்தத்தைப் பார்த்த பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் கையில் சிரிக்கிற சிறுத்தை முகமூடியைக் கொடுத்து உறுமிக்காட்டச் சொன்னால் அது விளையாட்டாக இருக்குமா? நாங்குநேரியில் என் பிள்ளைகளுக்குச் சிறுத்தை என்பது டிவியில் வருகிற மிருகம். அவர்கள் உறுமுவார்கள், சிரிப்பார்கள். ஒரே தாளை இரண்டு ஊருக்கும் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். அடிவாரப் பள்ளியில் அந்தப் பக்கத்தில் செய்யவேண்டியது பேச்சு. யார் பார்த்தீர்கள், என்ன நடந்தது, பொழுது சாய்ந்த பிறகு தனியாக ஏன் வெளியே போகக்கூடாது, ஆட்டை எங்கே கட்ட வேண்டும், சிறுத்தை ஏன் இறங்கி வருகிறது. பயத்தைச் சொல்ல இடம் கொடுத்தால்தான் அந்த விலங்கைப் பற்றிப் படிக்கவும் மனம் வரும். 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் காட்டுக்குக் கீழே குடியிருக்கிற பிள்ளைகளுக்குக் காட்டைப் பிடிக்கவும் வேண்டும், காட்டிடம் கவனமாக இருக்கவும் தெரிய வேண்டும்.

களக்காட்டுப் பக்கம் வேலை பார்க்கிற தோழி ஒருத்தி சொல்வாள், பன்றிப் படம் வந்தால் அவள் வகுப்பில் யாரும் சிரிக்க மாட்டார்களாம். ராத்திரியோடு ராத்திரியாக வாழைத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனதைக் காலையில் அப்பாவோடு போய்ப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

யானைப் பக்கம் வந்தபோது நான் எதிர்பார்த்தது, யானை பெருசு, தும்பிக்கை நீளம் என்பது மாதிரி பேச்சு. வந்தது: "நெல்லையப்பர் கோயில் யானை செத்துப்போச்சு டீச்சர்." காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தது இவர்களில் பலருக்கு நன்றாக நினைவிருக்கிறது. காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிய கதை, தும்பிக்கை தலையில் பட்டபோது ஈரமாக இருந்த கதை, பயந்து அம்மா சேலைக்குள் ஒளிந்த கதை எல்லாம் வந்தன. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணனிடம் கேட்டுவந்து அரிக்கொம்பனைப் பற்றிச் சொன்னான். 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து லாரியில் ஏற்றி நம்ம மலைக்காட்டில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த யானை. கோயிலில் நின்ற யானை ஒன்று, காட்டுக்குள் விட்ட யானை ஒன்று. எந்த யானைக்கு எது பிடித்திருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. நடக்காதது பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. விலங்குப் புத்தகத்தை வைத்து எண் சொல்லித்தர வால் எதற்கும் உதவாது, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கால் இருக்கிறதே! கோழிக்கு இரண்டு, மாட்டுக்கு நாலு, எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு, பாம்புக்கு ஒன்றுமில்லை. சுழியம் என்றால் என்ன என்று விளக்கப் பாம்பைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை. அரும்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையை ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார்கள். மொட்டுக்காரர்களுக்கு: தொழுவத்தில் மூன்று கோழி, ஓர் ஆடு, மொத்தம் எத்தனை கால்? மலருக்குத் தலைகீழாகக் கொடுக்கலாம்: பத்துக் கால் இருக்கிறது, உள்ளே யார் யார் நிற்கலாம்? இதற்கு ஒரே விடை கிடையாது. "அஞ்சு கோழி" என்று ஒருவன் சொல்ல, "ஒரு எறும்பு, ஒரு மாடு" என்றாள் இன்னொருத்தி. "ஒரு சிலந்தி, ஒரு கோழி, ஏழு பாம்பு" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்ததும் வகுப்பே எழுந்துவிட்டது. பாம்பை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஒலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசு ம்மா, பூனை மியாவ் என்று கத்திக்காட்டுவதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். விலங்கோடு மனிதர்கள் பேசுகிற ஒலிகளைக் கேளுங்கள். கோழியைத் தீனிக்குக் கூப்பிட "பா... பா...", விரட்ட "சூ!". ஆட்டுமந்தையைத் திருப்ப நாக்கை மேலண்ணத்தில் உருட்டி எழுப்புகிற ஒலியைக் கரும்பலகையில் எழுதிக்காட்டச் சொன்னேன். "ட்ர்ர்" என்றார்கள், "ட்ட்ர்ர்ர்ஹே" என்றார்கள், புள்ளியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டார்கள். மெய்யெழுத்துக்கு ஏன் புள்ளி என்பதை நான் அதற்கு முன்னால் இவ்வளவு சுலபமாகச் சொல்லித்தந்ததில்லை.

இனி வாசிக்கிற முறை. கூட்டங்களில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். ஒரே பிரதி, இருபது பிள்ளைகள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் தனக்குத் தெரிகிற மாதிரி வைத்துப் படித்தால் பிள்ளைகளுக்கு அட்டைதான் தெரியும். எல்லாரையும் தரையில் அரைவட்டமாக உட்காரவைத்து, நாமும் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, அடிப்பக்கம் விரல் வைத்துப் புரட்ட வேண்டும். முதல் முறை எழுத்தைப் படிக்கவே கூடாது. படம் மட்டும். புரட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை யோசிக்கிறது. தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், அடுத்த பக்கம் திருத்திவிடும். இரண்டாம் முறை வரியின் கீழ் விரலை ஓட்டிப் படிக்கலாம். அப்புறம் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்த கதையை, எழுத்தே தெரியாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளைக்குப் படம் பார்த்து "வாசித்துக்" காட்டும். அது நடிப்பு என்று யாரும் சிரிக்கக் கூடாது. வாசிப்பு அங்கேதான் முளைவிடுகிறது.

கொடுத்துவிட வேண்டும் என்றேன். கொடுத்தால் கிழியும். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் இடிக்கும். ஆண்டாய்வு வரும்போது எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனை பள்ளியில் புத்தகங்கள் பீரோவுக்குள் புத்தம்புதிதாகத் தூங்குகின்றன என்று பார்வைக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் கைபட்டுக் கிழிந்த படப்புத்தகத்தைப் "பயன்பாட்டில் தேய்ந்தது" என்று எழுதிக் கழிக்க எளிய வழி வேண்டும். இது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். ஆனால் பள்ளிப் பார்வைக்கு வரும்போது, புத்தகம் எத்தனை இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, எந்தப் புத்தகம் ரொம்பக் கிழிந்திருக்கிறது, காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டால் போதும். அந்தச் செய்தி மறுநாளே ஒன்றியம் முழுக்கப் போய்விடும். புதுப் புத்தகத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

செயல்பாடு என்று ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், என் யோசனை இது. வாசித்து முடித்த புத்தகத்தின் மாதிரியில் பிள்ளைகளே தங்கள் ஊர் புத்தகத்தைச் செய்யட்டும். கடைகளில் கொடுக்கிற மாதக் காலண்டரின் பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாகச் சும்மாதான் கிடக்கிறது. பாதியாக மடித்து, சாக்கு தைக்கிற ஊசியும் நூலும் வைத்து நடுவில் தைத்தால் புத்தகம். எங்கள் வகுப்பு வால் புத்தகத்தில் இப்போது நம்ம பக்கத்து வெள்ளாட்டு இனமான கன்னி ஆடு இருக்கிறது. முகத்தில் வெள்ளைக் கோடு போட்டால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு போட்டால் செங்கன்னி என்று சண்டை வந்து இரண்டையும் வரைந்தார்கள். வாலே இல்லாத தவளை ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதன் எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள். யாருடைய வால் என்று கேள்வி மட்டும் எழுதி, வாலை வரையாமல் விட்ட அந்தக் குறும்பு ஒன்றாம் வகுப்புடையது.

வாக்கியங்களைப் பிள்ளை சொன்னபடியே எழுதுகிறேன். "எங்க ஆச்சி கெடா முட்டிப்புடும்" என்றால் அப்படியே. நல்ல தமிழ் எங்கே போச்சு என்று கேட்பீர்கள். அது எங்கும் போகவில்லை, அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது, தினமும் வாசிக்கிறோம். தான் பேசினது எழுத்தாகி, அதைத் தானே திரும்பப் படிக்க முடிகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்த பிறகு, "கிடா முட்டிவிடும்" என்று மாற்றுவது சின்ன வேலை.

இந்தக் கைப்புத்தகங்களை ஊர் மாற்றி அனுப்பலாம் என்பதுதான் நான் உங்களிடம் குறிப்பாகக் கேட்க வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்த ஊர். மஞ்சள் மூக்கு நாரை வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் செய்யும் பறவைப் புத்தகத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு இருக்கும், கூழைக்கடாவின் பை இருக்கும். உவரி, இடிந்தகரைப் பிள்ளைகள் செய்தால் அதில் ஆடு மாட்டைவிட மீனும் நண்டும்தான் நிறைய இருக்கும். மீன் வாலில் எத்தனை வகை என்று எனக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித்தருவார்கள். வல்லநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிமானை வரைவார்கள். முறுக்கிக்கொண்டு நிற்கிற கொம்பு அதில் ஆண் மானுக்கு மட்டும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாபநாசத்துப் பிள்ளைகள் சிறுத்தையை எப்படி வரைகிறார்கள் என்று என் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நான் சொல்லிப் புரியாத ஒன்று அந்தப் படத்தில் இருக்கும்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மாதா மாதம் எப்படியும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு பள்ளியும் ஒரு கைப்புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு பள்ளியின் புத்தகத்தை எடுத்துப் போகட்டும். ஒன்றியம் விட்டு ஒன்றியம் போகவேண்டுமானால் உங்கள் பையில் நாலைந்து புத்தகம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லலாம். வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் அதில் ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அட்டை, லேமினேஷன், ஜிகினா எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் போட்டி என்று நினைத்து டீச்சர்களே உட்கார்ந்து வரைந்துவிடுவார்கள். நம்மைப் பற்றி எனக்குத் தெரியாதா?

போட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதை நடுவில் போனை எடுத்தால் இருபது பிள்ளைகளும் கதையை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சான்று வேண்டும் என்றால் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களை எழுதிவைத்த நோட்டு இருக்கிறது, வந்து பாருங்கள். ஒரு பக்கம் படித்தாலே வகுப்பில் வாசித்தோமா, வேஷம் போட்டோமா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் பவர்பாயிண்ட் வேண்டாம். ஒரு படப்புத்தகத்தைக் கையில் எடுத்து, எங்களைப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு, உங்களில் ஒருவர் வாசித்துக்காட்டுங்கள். உங்களில் பலர் வகுப்பறையிலிருந்து போனவர்கள், மறந்திருக்காது. நாங்கள் தரையில் உட்காரத் தயார். எங்கள் வால் புத்தகத்தை அன்றைக்குக் கொண்டுவருகிறேன். உவரிப் பக்கத்துப் பள்ளி யாராவது முதலில் எடுத்துக்கொண்டால் சந்தோஷம். தவளைப் பக்கத்தில் பசை ஒட்டியிருக்கிறது, புரட்டும்போது பார்த்துப் புரட்டவும்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
நாங்குநேரி வட்டம்.